காரணம்பேட்டையில் கை நடுங்காது

சென்னியப்பன் தம் வாழ்நாளில் சொன்ன பொய்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, பம்புசெட் வாங்கியவர்களைத் தவிர. கோயமுத்தூர் பம்பு கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக, விவசாயக் கண்காட்சி நடந்த ஊரெல்லாம் போய் நின்று பேசியவர். அவர் விற்ற மோட்டார்கள் கிணற்றுத் தண்ணீரை இறைத்தது போக, பக்கத்துக் கிணற்று மீன், அடுத்த ஊர்க் குளத்து ஆம்பல் என்று பலதையும் இறைத்துத் தள்ளியிருக்கின்றன. நேரில் பார்த்தவர்கள் யாருமில்லை. கேட்டவர்கள் நிறைய.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பொய்களுக்குச் சிங்காநல்லூர் வீட்டிலேயே ஒரு வேலை கிடைத்தது. மனைவி தெய்வாத்தாளுக்குக் கண்ணில் நீரழுத்தம். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட வேண்டும். அவள் இமையோ மருந்துக் குப்பியைக் கண்டதும் பந்த் அன்றைக்குக் கடை ஷட்டர் இறங்குவது போல இறங்கிவிடும். மகள் பெங்களூரிலிருந்து வந்து முயன்றாள். நர்ஸ் ஒருத்தி வந்து முயன்றாள். இமையை விரலால் பிரித்தால் விழி உருண்டு மேலே போய் ஒளிந்துகொண்டது. சென்னியப்பன் மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதையைத் தொடங்குவார். நம்பவே முடியாத இடம் வரும்போது தெய்வாத்தாள் இரண்டு கண்ணையும் அகல விரித்து, "ஆமா, நீங்க பாத்தீங்களாக்கு!" என்பாள். அந்த நேரத்தில் சொட்டு விழுந்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது, அவர் கை நடுங்கத் தொடங்கும் வரை.

விசித்திரமான நடுக்கம். மடியில் வைத்திருந்தால் கை சாதுவாக இருக்கும். எதையாவது எடுத்து ஓரிடத்துக்குக் கொண்டுபோனால் போதும், ஆட்டம் ஆரம்பித்துவிடும். காப்பி டம்ளர் வாய்க்கு வருவதற்குள் பாதி காப்பியைச் சட்டை குடித்திருக்கும். கண்ணுக்குப் போன மருந்து மூக்குக்கும் காதுக்கும் போயிற்று. மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை அவருடைய பசி, தூக்கம், ஞாபகம் எல்லாவற்றையும் குறைத்தது, நடுக்கத்தை மட்டும் விட்டுவைத்தது.

ஆடி மாதத்தில் கண் டாக்டர், நம் ஊர் வழக்கப்படி நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, நோயில்லாதவரை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இடது கண் நரம்பு காய்ந்துவிட்டது. இனி அது வெளிச்சம் இருட்டு தவிர எதையும் பார்க்காது. வலது கண்ணைக் காப்பாற்றலாம், மருந்து ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

வெளியே வந்ததும் தெய்வாத்தாள் கேட்டாள். "என்னங்க சொன்னாரு?"

"இடது கண்ணு ஓய்வெடுக்குதாமா அம்மணி. தை மாசம் எந்திரிச்சிரும்" என்றார் சென்னியப்பன்.

அடுத்த வாரமே மூளை டாக்டரைப் பார்க்கப் போனார்.

இந்தக் கதை நடக்கிற காலத்தில் அவினாசி சாலை மேம்பாலத்துக்கு மேலே இன்னொரு மேம்பாலம் கட்டி, அதிலும் வண்டிகள் நகராமல் நின்றுகொண்டிருந்தன. அதை ஒட்டியிருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் நிலோஃபர் என்ற சின்னப் பெண் இருந்தாள். சின்னப் பெண் என்றால் சென்னியப்பன் கணக்கில். மற்றவர்கள் கணக்கில் துறைத்தலைவர்.

"இதுக்கு எசென்ஷியல் ட்ரெமர்னு பேருங்க" என்றாள் நிலோஃபர்.

"எசென்ஷியலுங்களா? எனக்கு இது அவசியமே இல்லீங்களே."

டாக்டர் சிரிக்கவில்லை. இதை எல்லோரும் சொல்வார்கள் போலிருக்கிறது. "மூளைக்குள்ள ஒரு மெல்லிசான கம்பிய நடுவோம். நெஞ்சுத் தோலுக்கடியில ஒரு சின்ன பேட்டரி. கம்பி வழியா கரண்ட் போனா, நடுக்கத்த உண்டாக்குற தாளம் கலைஞ்சிரும். கை நின்னுரும்."

"அப்ப நடுங்க, அதுக்கென்ன."

"எங்க நடறதுங்கறதுதான் கேள்வி. அந்த இடம் ஒரு பச்சைப்பயறு அளவுதான். ஸ்கேன்ல சரியாத் தெரியவும் தெரியாது. ஒரு மயிரிழை இந்தப் பக்கம் போனா நாக்கு குழறும். அந்தப் பக்கம் போனா கால் தள்ளாடும். முன்னெல்லாம் எப்பவோ செத்துப்போனவங்க மூளையப் பாத்து வரைஞ்ச படத்த வெச்சு, உத்தேசமா அளந்து எறக்குவாங்க."

"நீரோட்டம் பாக்காம போர் போடற மாதிரி" என்றார் சென்னியப்பன். "நாலு எடத்துல பொகைதான் வரும்."

"ஆமாங்க. இப்ப அப்படியில்ல. உங்க மூளையோட நகல் ஒண்ணு கம்ப்யூட்டர்ல தயார் பண்ணுவோம். கம்பிய அதுக்குள்ள எல்லா எடத்துலயும் நட்டுப் பாப்போம். எங்க நட்டா என்ன ஆகுதுன்னு அதுவே வாய் விட்டுச் சொல்லும். நல்ல எடம் கெடச்ச பிறகுதான் உங்க மண்டையத் தொடுவோம்."

"நகல்னா, என்னாட்டவே பேசுமுங்களா?"

"நீங்களேதான் பேசுவீங்க."

சென்னியப்பன் யோசித்தார். பிறகு முன்னால் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டார். "டாக்டரம்மா, அவன் சொல்றத அப்படியே நம்பீராதீங்க. எனக்கு அவன நெம்ப நாளாத் தெரியும்."

மண்டையை மூன்று விதமான மெஷினுக்குள் விட்டு எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு குளிர் அறையில், மேசைமேல் இருந்த ஸ்பீக்கருக்கு எதிரில் நாற்காலி போட்டுக் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்தார்கள். சோதனையெல்லாம் முடிந்துவிட்டதென்றும், நகல் அவர்களைப் பார்க்க வேண்டும் என்கிறதென்றும் நிலோஃபர் சொன்னாள்.

தெய்வாத்தாள் ஸ்பீக்கரைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றார் சென்னியப்பன். "இங்க ஏது அம்மணி சாப்பாடு" என்றது ஸ்பீக்கர்.

தெய்வாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன்னை நான் எப்படிக் கூப்பிடறது?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"அண்ணான்னு கூப்பிடு. நீ இங்க வந்து மூணு நாளாச்சு. எனக்கு உள்ளுக்குள்ள நாலு மாசம் ஓடிப்போச்சு. நாந்தான் மூத்தவன்."

நகல் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தது. நட்ட இடங்களுக்கெல்லாம் டாக்டர்கள் வைத்த எண்கள் மனதில் நிற்கவில்லை என்று திருச்சி ரோட்டு பஸ் நிறுத்தங்களின் பெயரை வைத்துவிட்டது. மேலிருந்து ஆழத்துக்குப் போகப் போக, சிங்காநல்லூரிலிருந்து பல்லடம் போகிற மாதிரி. ஆஸ்பத்திரிக் குறிப்பேடுகளிலும் அப்படியே ஏறிவிட்டதில் நிலோஃபருக்குக் கொஞ்சம் வெட்கம்.

"ஒண்டிப்புதூர்ல நட்டா நாக்கு தடிச்சுப்போகுது. இருகூர் பிரிவுல விரலெல்லாம் எறும்பு ஊருது. சூலூர் பரவாயில்ல, ஆனா கையில பாதி ஆட்டம் மிச்சம் நிக்குது. பல்லடம் பக்கமே போயிராத, யாரோ முதுகுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரியே இருக்கும், திரும்பிப் பாத்தா இருக்க மாட்டான்."

"எங்க கணக்குப்படி காரணம்பேட்டைதான் நல்ல எடம்" என்றாள் நிலோஃபர். "நடுக்கம் சுத்தமா நிக்குது. பேச்சு, நடை எல்லாத்துக்கும் முழு மார்க். சுழி வரையச் சொன்னா அச்சடிச்ச மாதிரி வரையுது."

"டாக்டரம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்றது ஸ்பீக்கர். "அம்மணி, நீயும்."

இருவரும் போனார்கள். கதவு சாத்திய பிறகுதான் ஸ்பீக்கர் பேசியது.

"காரணம்பேட்டையில கை கல்லு மாதிரி நிக்குது. அது நெசந்தான். ஆனா அங்க இருக்கறப்ப தெய்வாத்தா ஞாபகம் வந்துச்சு. பேரு தெரியுது, மொகம் தெரியுது, மருந்து விடோணும்னு தெரியுது. அவ கண்ணு போனாலும் எனக்கு ஒண்ணுமில்ல. இருந்தாலும் ஒண்ணுமில்ல. கதை சொல்லிப் பாத்தேன். வரல. எதுக்குச் சொல்லோணும்னு இருந்துச்சு."

சென்னியப்பன் காத்திருந்தார். இந்த இடத்தில் ஒரு யானையாவது வர வேண்டும். குறைந்தபட்சம் கிணற்றிலிருந்து ஏதாவது ஏறி வர வேண்டும். எதுவும் வரவில்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அப்போதுதான் அது உண்மை என்று அவருக்குப் பட்டது.

"உன்னை இனி என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"சாயங்காலம் கம்ப்யூட்டர்ல என்னை அமத்திருவாங்க. அதப் பத்தி நீ ரோசனை பண்ணாத. அமத்தறதுக்கு முன்னால என்னைக் காரணம்பேட்டைக்குக் கொண்டுபோயி விட்ரச் சொல்லீட்டேன். அங்க இருந்தாத் தொந்தரவு இல்ல."

"சரிங்கண்ணா" என்றார் சென்னியப்பன்.

விஷயத்தைக் கேட்ட நிலோஃபர் நெடுநேரம் ஸ்கேனைப் பார்த்தாள். "ஒரு டெஸ்ட்லயும் இது வரலீங்களே. கையப் பாத்தோம், காலப் பாத்தோம், நாக்கப் பாத்தோம். அக்கறைய அளக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்லீங்க. சூலூர்ல வெச்சா அக்கறை அப்படியே இருக்கும், ஆனா மூணு சொட்டுல ரெண்டு வெளிய போகும். காரணம்பேட்டையில மூணும் உள்ள விழும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

இதை அவர் தெய்வாத்தாளிடம் அப்படியே சொல்லவில்லை. "காரணம்பேட்டையில வெச்சா எனக்குப் பேச்சு கொஞ்சம் கொறைஞ்சு போகுமாமா" என்றார்.

"அப்ப நான் மருதமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டது பலிச்சுதுன்னு நெனச்சுக்கிறேன்" என்றாள் தெய்வாத்தாள். பிறகு டாக்டரைத் தனியே கேட்டு முழுவதையும் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்ட பின் அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த கரண்ட, வேணுங்கறப்ப மட்டும் போட்டுட்டு நிறுத்த முடியாதுங்களா? நாங்க வாஷிங் மெஷினையே நாள் முச்சூடும் ஓட்டறதில்ல."

நிறுத்த முடியும். எல்லாரும் ராத்திரியில் நிறுத்துவதுதான். ஒரு சாவிக்கொத்து அளவுக்கு ரிமோட் உண்டு. நிலோஃபர் ஒரு எச்சரிக்கை மட்டும் செய்தாள். "ரிமோட் அவர்கிட்ட இருக்கக் கூடாதுங்கம்மா. ஆன் பண்ணினதும் அதை எதுக்கு ஆஃப் பண்ணணும்னு அவருக்குத் தோணாது."

ஆபரேஷனன்று அவரைத் தூங்க வைக்கவில்லை. முழித்துக்கொண்டே கிடந்தார். கையில் ஒரு தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்திருந்தார்கள். அது கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தலைக்குப் பின்னாலிருந்து நிலோஃபரின் குரல் மட்டும் கேட்டது. "சூலூர் தாண்டியாச்சு... காங்கயம்பாளையம்... காரணம்பேட்டை வந்துருச்சுங்க." கோப்பை நின்றது. அறையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று சென்னியப்பனுக்குப் புரிந்தது. ஆனால் அது வேறு யாருக்கோ நடக்கிற கல்யாணம் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் சோதனை தோல்வி. தெய்வாத்தாள் பொத்தானை அழுத்தினாள். சென்னியப்பன் குப்பியை எடுத்து, சிற்பி உளி பிடிப்பது போல அசையாமல் பிடித்தார். இமை இறங்கிவிட்டது. திறக்க வைக்கக் கதை வேண்டும். அவரிடம் கதை இல்லை. "கண்ணைத் திறங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு யார் திறப்பார்கள்?

இரண்டாம் நாள் தெய்வாத்தாள் முறையை மாற்றினாள். முதலில் பொத்தானை அழுத்தவில்லை. மோட்டார் சைக்கிள் கிளப்புவது போலக் கதையைக் கிளப்ப விட்டாள்.

"அவனாசிக்கு மேக்கால ஒரு கிணறு" என்று தொடங்கினார் சென்னியப்பன். "நம்ம மோட்டாரப் போட்டதும் மொதல்ல தண்ணி வந்துச்சு. பொறகு கெண்டை மீனு வந்துச்சு. பொறகு ஒரு அலுமினியச் சொம்பு. என்னடா இதுன்னு பாத்தா, பக்கத்து ஊர்க் கிணத்துல குளிச்சிட்டிருந்த டிராயிங் வாத்தியாரு..."

தெய்வாத்தாளின் கண்கள் இரண்டும் அகல விரிந்தன. விரல் பொத்தானை அழுத்தியது.

வாத்தியார் அப்படியே பைப்புக்குள் நின்றுவிட்டார். சென்னியப்பன் முகத்தில் இருந்த கொண்டாட்டம், மின்சாரம் போன டிவி போல அணைந்தது. இரண்டு மூச்சு நேரத்தில் கை நின்றது. காரணம்பேட்டை ஒன்றும் கெட்ட இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒப்பணக்கார வீதியில் எல்லாக் கடையும் அடைத்துக் கிடப்பது போல ஓர் அமைதி. எதிரில் ஒரு பெண்மணி, கதையின் மிச்சத்துக்காகக் கண்ணைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். மருந்து விட வேண்டும். விட்டார். வலதில் ஒன்று, இடதில் ஒன்று. ஒன்றுகூடச் சிந்தவில்லை.

மறுபடி பொத்தான்.

"...சோப்பு நுரையோட பைப்புல வெளிய வந்து, தலையத் தொவட்டிக்கிட்டே 'மணி என்னாச்சுங்க'ன்னாரு!"

"ஆமா, நீங்க பாத்தீங்களாக்கு!" என்றாள் தெய்வாத்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

மாதங்கள் இப்படியே போயின. வலது கண்ணின் அழுத்தம் இறங்கியது. கண் டாக்டர் சந்தோஷப்பட்டு, மறுபடியும் நோயில்லாதவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் விஞ்ஞானத்தைப் பாராட்டினார்கள். தினமும் மூன்று வேளை, கொஞ்ச நேரத்துக்கு, வீட்டில் ஓர் அந்நியர் வந்து தெய்வாத்தாளுக்கு மருந்து விட்டுப் போகிறார் என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். சென்னியப்பனுக்கு அந்த அந்நியரை அவ்வளவாகப் பிடிக்காது. குறை சொல்லவும் முடியவில்லை. வேலை சுத்தம்.

தை பிறந்தது. பொங்கலுக்கு வந்த மகள் ஊருக்குத் திரும்பிப் போன மறுநாள் காலை, சென்னியப்பன் குப்பியோடு வந்து உட்கார்ந்து, எந்தக் கிணற்றை எடுக்கலாம் என்று யோசித்தார். கதை தொடங்கும் முன்பே தெய்வாத்தாள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அவருக்குள் கடைகள் அடைத்துக்கொண்டன.

"உங்கள ஒண்ணு கேக்கோணும்" என்றாள்.

"கேளுங்க."

"என்ற இடது கண்ணு திரும்பி வருமா?"

"வராது."

"அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆடி மாசத்துல. நரம்பு காஞ்சிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

"வலது?"

"மருந்து தவறாம விழுந்தா இருக்கும். இதுவரைக்கும் நல்லா இருக்குது."

"பொறகு ஏன் என்கிட்டச் சொல்லல?"

சென்னியப்பன் நினைத்துப் பார்த்தார். காரணம் ஒன்று இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் வைத்த பொம்மை போல அது நன்றாகவே தெரிந்தது. ஏன் அதை இத்தனை நாள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் விளங்கவில்லை. "நீங்க வெசனப்படுவீங்கன்னு. இப்ப அது பெரிய விஷயமாத் தெரியல."

தெய்வாத்தாள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தானாகவே வலது கண்ணைத் திறந்தாள். இமை இறங்கவில்லை. "விடுங்க" என்றாள். விட்டார். இடது கண்ணுக்குக் குப்பி நகர்ந்தபோது அவர் கையை மெல்லப் பிடித்துத் தள்ளி வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.

அமைதியெல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தது. சொன்ன ஒவ்வொரு சொல்லும் சென்னியப்பனுக்கு ஞாபகம் இருந்தது. சொன்னது அவர் வாய்தான், அவர் குரல்தான். கை கடகடவென்று ஆடத் தொடங்கியது.

"அம்மணி, இப்பச் சொன்னான் பாரு, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. முட்டாப் பய. டாக்டரு சொன்னது என்னன்னா..."

"இருங்க" என்றாள் தெய்வாத்தாள். கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சிந்திய மருந்து என்று சொல்ல முடியாது, அந்நியர் சிந்துகிறவரில்லை. "அவிய மேல ஒண்ணும் சொல்லாதீங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னாங்க. நானும் அதுக்குத்தான் கேட்டேன்."

சென்னியப்பன் குப்பியைக் கீழே வைத்தார்.

"இனி ஒண்ணு பண்ணலாம்" என்றாள். "வலது கண்ணுக்கு அவிய விடட்டும். இடது கண்ணுக்கு நீங்க விடுங்க. அது எங்க விழுந்தா என்ன?"

குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது காதோரம்.

"டாக்டரு என்னமோ சொன்னாருன்னு ஆரம்பிச்சீங்களே" என்றாள்.

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டரு என்ன சொன்னாருன்னா, இந்தத் தை பனி சாஸ்தியாம். அதனால கண்ணு எந்திரிக்கறதுக்குக் கொஞ்சம் தாமசமாகுமாமா. பங்குனியில ஒரு நா வெடியால, சேவல் கூப்பிடறப்ப..."

கதை இன்னும் நம்ப முடியாத இடத்துக்கு வரவேயில்லை. அதற்குள் தெய்வாத்தாள் இடது கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாள்.